ராஸ்தஃபாரி: ரெகே கேட்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி ரெகே என்ற ஜமைக்கா நாட்டு இசையைக் கேட்போம். பல வருடங்களாக நடக்கிறது. அந்தப் பாடல்களில் வரும் ராஸ்தஃபாரி பற்றிப் புதிதாக வருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் பாட்டை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ராஸ்தஃபாரின்னா என்ன? கஞ்சா அடிக்கிறவங்க கூட்டமா?

இல்லை. கஞ்சாவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், இதில் அது முதல் விஷயம் அல்ல. ராஸ்தஃபாரி என்பது 1930களில் கரீபியன் தீவான ஜமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஓர் ஆன்மிக வழி. அதில் நடப்பவர்களை ராஸ்தாக்கள் என்பார்கள்.

அந்தக் காலத்து ஜமைக்காவை நினைத்துப் பாருங்கள். 1838-லேயே அடிமை முறை முழுமையாக ஒழிந்துவிட்டது. ஆனால் நிலம் கரும்புத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. தேவாலயப் படத்தில் கடவுள் வெள்ளையாக இருந்தார். ஆப்பிரிக்கா என்றால் காடு, காட்டுமிராண்டிகள் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. தன் தோல், தன் முடி, தன் முன்னோர் எல்லாமே கேவலம் என்று குழந்தையிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்ட மக்கள் அவர்கள். அந்த மக்களுக்குள்ளிருந்து சிலர் எழுந்து, "எங்கள் வீடு ஆப்பிரிக்கா. எங்கள் கடவுளுக்கு எங்கள் முகம். மோட்சம் செத்த பிறகு வானத்தில் கிடைப்பதல்ல, இந்தப் பூமியிலேயே கிடைப்பது" என்றார்கள். சடை, நிறம், மேளம், சாப்பாடு எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது?

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் 'ராஸ்' என்றால் தலை; இளவரசருக்கு நிகரான பட்டமும் அதுவே. 'தஃபாரி' என்பது ஒருவரின் பெயர். தஃபாரி மக்கொன்னன் என்ற அந்த ராஸ், 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் பேரரசராக முடிசூடியபோது ஹைலி செலாசி என்ற பெயரை ஏற்றார். 'திரித்துவத்தின் வல்லமை' என்று அதற்குப் பொருள். இவரைத்தான் ராஸ்தாக்கள் கடவுள் என்று நம்பினார்கள்.

இன்னொன்று. இந்தப் பெயரோடு 'இசம்' சேர்த்துச் சொல்வது ராஸ்தாக்களுக்குப் பிடிக்காது. தங்களை அடிமைப்படுத்தியவை எல்லாம் 'இசங்கள்'தான் என்பார்கள். வெறுமனே ராஸ்தஃபாரி என்று சொன்னால் போதும்.

எங்கேயோ இருக்கிற ஒரு ராஜாவைப் போய் கடவுள்னு ஏன் நம்பினாங்க?

எத்தியோப்பியா என்ற பெயருக்கு அன்று இருந்த கனம் தெரிந்தால் இது புரியும். ஆப்பிரிக்கா முழுவதையும் ஐரோப்பியர்கள் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், 1896-இல் அத்வா போரில் இத்தாலியப் படையைத் தோற்கடித்துத் தலைநிமிர்ந்து நின்ற நாடு அது. பைபிளிலும் அந்தப் பெயர் வருகிறது. 68-ஆம் சங்கீதத்தில், எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கும் என்று ஒரு வசனம் உண்டு. அடிமைகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தங்களுக்கு எழுதப்பட்ட கடிதம்போல வாசித்தார்கள்.

அப்படி இருக்கும்போது 1930-இல் செய்தித்தாளில் ஒரு கறுப்பினப் பேரரசரின் படம் வருகிறது. பிரிட்டிஷ் மன்னரின் மகனே முடிசூட்டு விழாவுக்குப் போய் நிற்கிறார். பேரரசரின் பட்டங்களோ 'ராஜாதி ராஜா', 'யூதா கோத்திரத்துச் சிங்கம்'. வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அந்தச் சிங்கம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலமோன் ராஜாவுக்கும் சேபா நாட்டு ராணிக்கும் பிறந்த மகனின் வம்சம் என்று எத்தியோப்பிய அரச குடும்பமும் சொல்லிக்கொண்டது. நான் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவன். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அந்த வசனங்களை அந்த மக்களின் இடத்தில் உட்கார்ந்து வாசித்தால் நெஞ்சு நடுங்குகிறது.

யார் இதை முதலில் ஆரம்பிச்சது?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. முடிசூட்டுக்குப் பிறகு ஒரே சமயத்தில் பல போதகர்கள் கிளம்பினார்கள். அவர்களில் முக்கியமானவர் லெனார்ட் ஹோவெல். 1933-லிருந்து தெருமுனைகளில் பேசினார். பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். உங்கள் உண்மையான ராஜா லண்டனில் இல்லை என்று அவர் சொன்னது ராஜத்துரோகம் ஆயிற்று. 1934-இல் இரண்டு ஆண்டு சிறை. வெளியே வந்து 1940-இல் செயின்ட் கேத்தரின் மாவட்டத்து மலையில் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை அமைத்தார். சேர்ந்து பயிரிட்டு, சேர்ந்து சமைத்து, சேர்ந்து மேளம் அடித்து வாழ்ந்த இடம். போலீஸ் மறுபடி மறுபடி புகுந்தது. 1954-இல் அந்தக் குடியிருப்பை உடைத்தே போட்டார்கள்.

மார்கஸ் கார்வின்னு அடிக்கடி பாட்டில் வருதே, அவர் ராஸ்தாவா?

இல்லை, ஆனால் அவர் இல்லாமல் ராஸ்தா இல்லை. ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பேயில் 1887-இல் பிறந்தவர். 1914-இல் கறுப்பின மக்களுக்கான உலகளாவிய சங்கத்தைத் தொடங்கினார். பின்பு நியூயார்க்கின் ஹார்லம் அதன் மையமானது. 1919-இல் கறுப்பின மக்களின் சிறு பங்குத் தொகைகளைக் கொண்டு சொந்தக் கப்பல் நிறுவனமே நடத்திப் பார்த்தார். அது நஷ்டத்தில் முடிந்தது. கறுப்பு அழகு, ஆப்பிரிக்கா நம்முடையது என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழக்கியவர் அவர்தான்.

"ஆப்பிரிக்காவைப் பாருங்கள், ஒரு கறுப்பின அரசர் முடிசூடுவார்" என்று அவர் தீர்க்கதரிசனம் சொன்னதாக ராஸ்தாக்கள் நம்புகிறார்கள். அவருடைய எழுத்துகளில் அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. அதைவிடச் சங்கடமான உண்மை, இத்தாலியர்கள் எத்தியோப்பியாவைப் பிடித்தபோது நாட்டைவிட்டு வெளியேறிய செலாசியை கார்வி தன் பத்திரிகையில் கடுமையாகத் திட்டினார். இரண்டையும் தெரிந்துகொண்டேதான் ராஸ்தாக்கள் கார்வியைக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு அவர் யோவான் ஸ்நானகனைப் போல, வழியை ஆயத்தம் செய்தவர்.

'ஜா', 'பாபிலோன்', 'சீயோன்' இதெல்லாம் என்ன?

'ஜா' கடவுள். அல்லேலூயா என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அதே 'யா'தான். பாபிலோன் என்பது ஒடுக்குகிற எல்லாம்: போலீஸ், காலனி அரசு, பேராசை, ஆளைத் தின்னும் நகரம். சீயோன் என்பது ஆப்பிரிக்கா, குறிப்பாக எத்தியோப்பியா.

137-ஆம் சங்கீதம் நினைவிருக்கிறதா? "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்." 1970-இல் மெலோடியன்ஸ் என்ற ஜமைக்கக் குழு இதை ரெகேயாகப் பாடியது. 1978-இல் போனி எம் பாடிய பிறகு நம் ஊர்க் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகள் வரைக்கும் வந்துவிட்டது. ஆடிக்கொண்டே கேட்ட அந்தப் பாட்டு, கப்பலில் கட்டி இழுத்துவரப்பட்டவர்களின் ஒப்பாரி.

பேச்சிலும் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 'நீயும் நானும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நானும் நானும்' என்பார்கள். உன்னிலும் என்னிலும் ஒரே ஜா இருக்கும்போது 'நீ' என்று யாரைத் தள்ளி வைப்பது என்று கேட்கிறார்கள். எஜமானின் மொழியைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள்.

சடை எதுக்கு? நம்ம சாமியார்களைப் பார்த்துதானே வளர்த்தாங்க?

அவர்கள் சொல்லும் காரணம் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். நசரேய விரதம் இருப்பவன் தலையில் சவரக்கத்தி படக்கூடாது. சிம்சோனின் ஏழு சடைகளும் அந்த விரதத்தால் வந்தவைதான். கென்யாவில் 1950களில் பிரிட்டிஷாரை எதிர்த்த மாவ் மாவ் போராளிகளின் படங்களும் தூண்டுதல் என்பார்கள். இந்தியச் சாதுக்களின் சடாமுடிதான் மூலம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இது ஒரே ஊற்றிலிருந்து வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. சுருட்டை முடியைச் சீவாமல் விட்டால் அது தானாகவே சடையாகும். 'நல்ல முடி' என்றால் வெள்ளைக்காரர் முடி என்றிருந்த ஊரில், அப்படியே விடுவதுதான் பெரிய துணிச்சல்.

எல்லா ராஸ்தாக்களும் சடை வைப்பதில்லை. முதல் தலைமுறையில் பலர் தாடியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சிவப்பு, மஞ்சள், பச்சை ஜமைக்கா கொடிதானே?

நிறையப் பேர் தவறிப்போகும் இடம் இது. ஜமைக்காக் கொடி கறுப்பு, பச்சை, பொன்னிறம்; சிவப்பே கிடையாது. ராஸ்தா நிறங்கள் எத்தியோப்பியக் கொடியிலிருந்து வந்தவை. கறுப்பும் சேர்ந்து வந்தால், அது கார்வியின் சங்கம் 1920-இல் அறிவித்த சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடியின் நினைவு.

சரி, இப்போ கஞ்சாவுக்கு வருவோமா?

வருவோம். ராஸ்தாக்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. 'ரீசனிங்' என்று அவர்கள் சொல்லும் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, புகைக்குழாயைக் கைமாற்றி, மணிக்கணக்கில் வேதத்தையும் உலகத்தையும் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சூழலில் அது பிரசாதம். தொடவே தொடாத ராஸ்தாக்களும் இருக்கிறார்கள். ஜமைக்காவிலேயே 2015-இல்தான் சட்டம் தளர்ந்தது. இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பது சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டது. ராஸ்தாக்கள் வழிபாட்டுக்குப் பயன்படுத்த அனுமதியும் கிடைத்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அதைச் சாக்காக வைத்துத்தான் அவர்களைச் சிறையில் தள்ளினார்கள்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம். ரெகே பாடகர் பாப் மார்லியின் படத்தைக் காட்டி இதற்கு நியாயம் தேடும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த மனிதர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்க, இதை மட்டும் எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

'கஞ்சா' நம்ம ஊர் வார்த்தை ஆச்சே, அங்கே எப்படிப் போச்சு?

கூலிகளோடு போனது. அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவை அடைந்தது. அடுத்த எழுபது ஆண்டுகளில் சுமார் 36,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்களோடு செடியும், அதன் பெயரும், புகைக்கும் சிலும்பியும் போய்ச் சேர்ந்தன. ஜமைக்காவில் இன்று விசேஷம் என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் இருக்காது. அந்த 'கறி' நம் சொல்.

இன்னும் வியப்பான விஷயம், மேலே சொன்ன லெனார்ட் ஹோவெல் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'கங்குங்குரு மராக்'. அதில் குருவும் மகராஜும் ஒளிந்திருப்பது காதில் விழுகிறது. ஒரே தோட்டத்தில் ஒரே கங்காணியிடம் அடிவாங்கிய இரண்டு இனத்து ஏழைகள் அருகருகே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி. ஆனாலும் ராஸ்தஃபாரியே நம்மிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அதன் உயிர் ஆப்பிரிக்காவைப் பார்த்துத் துடிப்பது.

சாப்பாட்டிலும் விரதம் உண்டாமே?

உண்டு. 'ஐட்டல்' என்பார்கள். பலர் இறைச்சி தொடமாட்டார்கள். கட்டுப்பாடாக இருப்பவர்கள் உப்பையும் விலக்குவார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த பயறு, கிழங்கு, கீரை. டப்பாவில் அடைத்தது ஆகாது. நம் நாக்குக்கு அந்நியமான சாப்பாடு இல்லை.

இவ்வளவு அமைதியா இருக்கிறவங்களை அரசாங்கம் ஏன் அடிச்சது?

அவர்கள் அரசைப் பாபிலோன் என்றார்கள், நில உரிமையைக் கேள்வி கேட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1963 ஏப்ரலில், மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் ஒரு நிலத் தகராறு மோதலாக வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதைக் காரணம் காட்டி, சம்பந்தமே இல்லாத ராஸ்தாக்களையும் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிடித்து அடித்து, சடையை வெட்டி, சிறையில் போட்டார்கள். அது புனித வெள்ளியை ஒட்டி நடந்ததால் அவர்கள் அதைக் 'கெட்ட வெள்ளி' என்கிறார்கள். ஜமைக்கப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2017-இல். ஐம்பத்துநான்கு வருடங்கள்!

சடை இருப்பதால் பள்ளியில் குழந்தையைச் சேர்க்க மறுத்த வழக்கு 2020-இல்கூட அந்த நாட்டு நீதிமன்றத்தில் நடந்தது.

ரெகேதான் ராஸ்தாக்களோட பக்தி இசையா?

இல்லை. அவர்களுடைய வழிபாட்டு இசை நயபிங்கி மேளம். கிழக்கு ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சியை எதிர்த்த ஓர் ஆவி வழிபாட்டின் பெயர் அது. மூன்று மேளங்கள். பெரிய 'பேஸ்' மேளத்தைத் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள், அடிவயிற்றில் இறங்கும். 'ஃபண்டே' மாறாமல் 'துப்-துப்' என்று இதயத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 'ரிப்பீட்டர்' என்ற சிறிய மேளம் அவற்றின் மேல் ஏறிப் பேசும், அழும், வாதாடும். அடிமைக் காலத்திலிருந்து வந்த புர்ரு, குமினா மேள மரபுகளை வைத்து ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் இதைச் செதுக்கியவர் கவுண்ட் ஒஸ்ஸி. ராஸ்தா என்றாலே முகம் சுளித்த காலத்தில் அவருடைய மேளங்கள் 1960 வாக்கில் ஒரு வணிகப் பாட்டில் இடம்பிடித்தன.

ரெகே வேறு வழியில், ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற முந்தைய ஜமைக்க இசை வகைகள் மாறி, 1968 வாக்கில் உருவான நகரத்து இசை. எல்லா ரெகே பாடகரும் ராஸ்தா இல்லை. ஜிம்மி கிளிஃப் இஸ்லாத்துக்கு மாறியவர். ஆனால் ராஸ்தாக்கள் அதற்குள் வந்தபோது அதற்கு ஆன்மா கிடைத்தது. 2018-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ரெகே கேட்டா தாளம் எங்கேயோ தவறின மாதிரி இருக்கே?

தவறவில்லை, காலியாக விட்டிருக்கிறார்கள். நம் காது முதல் தட்டில் கனத்தை எதிர்பார்க்கும். 'ஒன் டிராப்' முறையில் அந்த முதல் தட்டு வெறுமையாக இருக்கும். டிரம்மின் அடி மூன்றாவதில் விழும். கிடாரோ தட்டுகளுக்கு நடுவே வெட்டி வெட்டி வரும். அந்த வெறுமையில்தான் உடம்பு தானாக ஆடத் தொடங்குகிறது.

பாப் மார்லிதான் இவங்க தலைவரா?

தலைவர் இல்லை. ராஸ்தஃபாரிக்கு ஒரே தலைமை, ஒரே திருச்சபை கிடையாது. நயபிங்கி, போபோ அஷாந்தி, பன்னிரண்டு கோத்திரங்கள் என்று பல பிரிவுகள் உண்டு; அவற்றை 'மாளிகைகள்' என்பார்கள். மார்லி பன்னிரண்டு கோத்திரத்தார். செலாசி 1963-இல் ஐ.நா. சபையில் இன வெறிக்கு எதிராகப் பேசிய உரையை எடுத்து, 1976-இல் அப்படியே பாட்டாக்கினார். 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் அங்கே மேடையேறினார். அடுத்த ஆண்டு மே 11 அன்று, 36 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்.

அவரையே கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பீட்டர் டோஷ், பன்னி வெய்லர், பர்னிங் ஸ்பியர், ஜூடி மோவாட் எல்லோரும் இருக்கிறார்கள்.

செலாசியே நான் கடவுள் இல்லைன்னு சொன்னாரே. அப்புறம் இறந்தும் போனார். இன்னும் எப்படி நம்புறாங்க?

1966 ஏப்ரல் 21 அன்று அவர் கிங்ஸ்டனில் இறங்கியபோது சுமார் ஒரு லட்சம் பேர் விமானத்தளத்தில் பாய்ந்து சூழ்ந்தார்கள். மார்டிமர் பிளானோ என்ற ராஸ்தா மூத்தவர் படியேறிப் போய்ப் பேசிய பிறகே அவர் கீழே இறங்க முடிந்தது. அதுவரை போலீஸ் தடியால் அடித்த மக்களை அன்று அரசு விருந்துக்கு அழைத்தார்கள். அந்த நாளை ராஸ்தாக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். மறு ஆண்டு ஒரு கனடா நாட்டுப் பேட்டியில், நான் சாகப்போகும் மனிதன்தான் என்று அவர் தெளிவாகச் சொன்னார். கடவுள் தன்னைக் கடவுள் என்று பறைசாற்ற மாட்டார் என்பது சில ராஸ்தாக்களின் பதில்.

1974-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, 1975-இல் இறந்தார். எலும்புகள் 1992-இல் கிடைத்து, 2000-இல் அடிஸ் அபாபா தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. பலர் அந்தச் சாவையே நம்பவில்லை. வேறு பலர், உடல் போனாலும் ஜா ஒவ்வொருவருக்குள்ளும் வாழ்கிறார் என்றார்கள்.

அவர் ஆட்சியில் பஞ்சம் வந்ததே, அதை மறந்துடலாமா?

மறக்கக் கூடாது. 1973-இல் வோலோ பகுதியில் பட்டினியால் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது அவருடைய அரசு அதை மூடி மறைத்தது. ஜமைக்கக் குடிசையில் மாட்டியிருந்த படமும் அடிஸ் அபாபா அரண்மனையில் இருந்த மனிதரும் ஒன்றல்ல. படம் லட்சக்கணக்கானவர்களை நிமிர்த்தியது உண்மை. அரசர் தன் குடியானவர்களைக் கைவிட்டதும் உண்மை. ராஸ்தஃபாரியை நேசிக்கிற நான் இதைச் சொல்லாமல் கடந்துபோக மாட்டேன்.

யாராவது நிஜமாவே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினாங்களா?

திரும்பினார்கள். இத்தாலியர்களை எதிர்த்த காலத்தில் துணை நின்ற கறுப்பின மக்களுக்காக, 1948-இல் செலாசி எத்தியோப்பியாவின் ஷாஷமனேயில் தன் சொந்த நிலத்தில் 500 ஏக்கர் ஒதுக்கினார். பல நூறு பேர் போய்க் குடியேறினார்கள். 1974-க்குப் பிறகு வந்த ராணுவ அரசு அதில் பெரும்பகுதியைப் பறித்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட நீண்டகாலம் குடியுரிமை இல்லை. 2017-இல்தான் அடையாள அட்டை தருவதாக எத்தியோப்பிய அரசு அறிவித்தது.

பெண்களுக்கு இதில் என்ன இடம்?

மரபான பிரிவுகளில் குறைவு. தலையை மூட வேண்டும், மாதவிடாய் நாட்களில் ஒதுங்க வேண்டும், வழிபாட்டில் மேளத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. ஒடுக்குமுறையை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் வீட்டுக்குள் பார்க்கத் தவறினார்கள். மேலே சொன்ன ஜூடி மோவாட் 1979-இல் கறுப்பினப் பெண்ணின் வலியையே மையமாக வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1980களிலிருந்து ராஸ்தா பெண்கள் எழுதியும் பேசியும் சண்டையிட்டும் பலவற்றை மாற்றி வருகிறார்கள்.

நான் சடை வளர்த்து, மார்லி டி-ஷர்ட் போட்டா தப்பா?

தப்பு என்று சொல்ல நான் யார்? கொடைக்கானல் கடைகளில் தொங்கும் டி-ஷர்ட்டைப் பார்த்துத்தான் நானும் முதலில் அந்தப் பெயரை விசாரித்தேன். ஆனால் அந்தச் சடையைத் தலையில் வைத்ததற்காகக் கோரல் கார்டன்ஸில் ஒருவன் அடிபட்டான் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். யாராவது கேட்டால் நாலு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கவுண்ட் ஒஸ்ஸியின் குழு 1973-இல் மூன்று இசைத்தட்டுகளாக வெளியிட்ட பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். மேளம், ஊதுகருவிகள், சங்கீத வாசிப்பு, பேச்சு எல்லாம் கலந்திருக்கும். அப்புறம் பர்னிங் ஸ்பியர், அதற்குப் பிறகு மார்லி. போனில் கேட்காதீர்கள், அந்தப் பெரிய மேளம் போனில் வராது. ஸ்பீக்கர் இருக்கிற நண்பர் வீட்டுக்குப் போங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் 'ஃபண்டே' எங்கே அடிக்கிறது என்று மட்டும் காதைக் கொடுங்கள்.